மைனஸ் ஆறுக்கு ஓர் அஞ்சலி

நோக்கியா போனில் திரைக்குக் கீழே இடப்பக்கம் இருந்த பட்டனை அழுத்தினால், உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஜாவா நிரலுக்கு மைனஸ் 6 என்ற எண் போய்ச் சேரும். வலப்பக்கப் பட்டனுக்கு மைனஸ் 7. மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளுக்கும் மைனஸ் 1 முதல் மைனஸ் 4 வரை. நடுவில் அழுத்தினால் மைனஸ் 5. செல்பேசிக்கு ஜாவாவில் நிரல் எழுதிப் பிழைத்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்களைச் சொல்வார்கள். இன்று செயலி எழுதும் இளைஞர்களிடம் கேட்டால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே புரியாது. அந்த எண்கள் போய்விட்டன. அவற்றை வாங்கிக்கொண்ட 'கீபிரெஸ்ட்' என்ற மெத்தடும், அதைச் சுற்றி வளர்ந்த தொழிலறிவும் கூடவே போய்விட்டன. பெரிய நிறுவனங்கள் விழுந்தபோது பத்திரிகைகள் எழுதின. இதற்கு யாரும் எழுதவில்லை. எழுதப்பட வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கீபிரெஸ்ட் பிறந்தது 2000ஆம் ஆண்டில். கிலோபைட் கணக்கில் மட்டுமே நினைவகம் இருந்த கருவிகளுக்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவைச் சுருக்கியது. கருவிக்குள் நிரலை ஓட்டிய எந்திரத்துக்கு கேவிஎம் என்று பெயர். அந்த 'கே' கிலோபைட்டைக் குறித்தது. செல்பேசிகளுக்கான வரையறை எம்ஐடிபி 1.0. அதில் 'கேன்வாஸ்' என்ற வகுப்பு ஒன்று உண்டு. வெறும் திரையை எழுதுபவர் கையில் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள் என்று விட்டுவிடும் வகுப்பு அது. அதனுள் மூன்று வெற்று மெத்தடுகள் காத்திருந்தன: கீபிரெஸ்ட், கீரிலீஸ்ட், கீரிபீட்டட். பட்டன் அமுங்கியது, பட்டன் விடுபட்டது, பட்டன் அமுங்கியபடியே இருக்கிறது. மனித விரல் ஒரு பட்டனிடம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அந்த மூன்றையும் நிரப்பித்தான் பல்லாயிரம் விளையாட்டுகளும் அகராதிகளும் நாட்காட்டிகளும் உலாவிகளும் எழுதப்பட்டன.

பட்டனுக்கு அடியில் சின்ன உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். விரல் அழுத்தியதும் அது உள்ளே மடிந்து இரண்டு தடங்களை இணைக்கும். 'டிக்' என்று விரல் நுனியில் உணர்ந்தது அந்தக் குமிழ் மடிவதைத்தான். பட்டன்கள் எல்லாம் வரிசையும் பத்தியுமாக ஒரு கட்டத்தில் கம்பியிடப்பட்டிருக்கும். எந்த வரிசை எந்தப் பத்தியோடு சேர்ந்தது என்று ஒரு சில்லு ஓயாமல் துழாவிக்கொண்டே இருக்கும். உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லிநொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் சற்றுப் பொறுத்து, ஓர் அழுத்தம் என்று உறுதிசெய்த பிறகே எண்ணை மேலே அனுப்பும். அது போனின் இயங்குதளத்தைக் கடந்து, கேவிஎம்மின் வரிசையில் நின்று, கடைசியில் கீபிரெஸ்டின் வாசலுக்கு வரும். வந்த எண்ணில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ஐந்தாம் எண் பட்டன் அமுங்கியது என்றால் அமுங்கியதுதான். பயனர் எதைத் தொட நினைத்தார் என்று நிரல் ஊகிக்க வேண்டிய தேவை அந்தப் பாதையில் எங்குமே இல்லை.

சிக்கல் அந்த எண்ணின் பொருளில் இருந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண் பட்டன்கள், நட்சத்திரம், ஹேஷ் ஆகிய பன்னிரண்டுக்கு மட்டுமே வரையறை எண்களை நிர்ணயித்தது. அவை யூனிகோடு எண்களேதான்: இரண்டாம் பட்டன் 50, ஐந்தாம் பட்டன் 53, நட்சத்திரம் 42, ஹேஷ் 35. எழுத்துக்குப் பொருந்தாத வேறு எந்தப் பட்டனுக்கும் மைனஸ் எண் தர வேண்டும், பூஜ்யம் செல்லாது என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டது. எந்த மைனஸ் எண் என்று சொல்லவில்லை. திசைப் பட்டனும், திரைக்குக் கீழே இருபக்கமும் இருந்த 'சாஃப்ட் கீ'களும், அழிக்கும் பட்டனும் தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டன. பயனரின் விரல் அதிகம் போகும் பட்டன்கள் அவைதாம்.

விட்டதன் விளைவைப் பாருங்கள். நோக்கியாவில் மைனஸ் 1 என்றால் மேல்நோக்கு. சீமென்ஸில் மைனஸ் 1 என்றால் இடது சாஃப்ட் கீ. அங்கே மேல்நோக்குக்கு மைனஸ் 59. நோக்கியாவில் மைனஸ் 5 நடுவில் இருக்கும் சுடும் பட்டன். மோட்டோரோலாவில் அதே மைனஸ் 5 வலப்பக்கம் போவதற்கு. நோக்கியாவில் மைனஸ் 6 மெனுவைத் திறக்கும் இடது சாஃப்ட் கீ. மோட்டோரோலாவில் மைனஸ் 6 கீழ்நோக்கு. நோக்கியாவுக்கு எழுதிய கார்ப் பந்தயத்தை மாற்றாமல் மோட்டோரோலாவில் ஏற்றினால், கீழே அழுத்தி வேகத்தைக் குறைக்க நினைத்தவருக்கு மெனு வந்து திரையை மறைக்கும். மோட்டோரோலாவின் சாஃப்ட் கீகள் மைனஸ் 21, மைனஸ் 22. அதே நிறுவனத்தின் சில போன்களில் மைனஸ் குறியே இல்லாமல் 21, 22 என்றும் வரும். சோனி எரிக்சன் நோக்கியாவின் எண்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. ஆனால் திரும்பிப் போவதற்கென்று தனிப் பட்டன் வைத்து அதற்கு மைனஸ் 11 கொடுத்தது. கணினியில் போனைப் போலவே நடந்துகாட்ட சன் வழங்கிய எமுலேட்டரும் நோக்கியாவின் எண்களைத்தான் பேசியது. அதனால் கணினியில் எல்லாம் சரியாக ஓடும். சீமென்ஸ் போனைக் கையில் எடுத்த பிறகுதான் நிலைமை தெரியும்.

வரையறை ஒரு தீர்வும் வைத்திருந்தது. 'கெட்கேம்ஆக்‌ஷன்' என்ற மெத்தடிடம் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது மேலா, கீழா, சுடுவதா என்று மொழிபெயர்த்துச் சொல்லும். நல்ல யோசனை. எண் பட்டன்களும் திசைப் பட்டன்களும் ஒரே செயலுக்கு இட்டுச் சென்றது இதன் புண்ணியத்தால்தான்: 2 மேலே, 8 கீழே, 4 இடம், 6 வலம், 5 சுடுவது. ஜாய்ஸ்டிக் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன போன்களை வைத்திருந்த எத்தனையோ பேர் இந்த எண் பட்டன்களால்தான் விளையாட்டை விடாமல் ஆடினார்கள். ஆனால் சாஃப்ட் கீக்கு அந்த மெத்தட் பதில் வைத்திருக்கவில்லை. நேர்த்தியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் 'கமாண்ட்' என்ற பொருளைக் கொடுத்துவிட்டு, அதை எந்தப் பட்டனில் வைப்பது என்பதைப் போனிடமே விட்டுவிட வேண்டும். விட்டால் திரையின் அடிப்பகுதியில் போன் தன் எழுத்தில் தன் பட்டையைப் போட்டுக்கொள்ளும். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு பட்டை என்பது பெரிய இழப்பு. நோக்கியா தன் பங்குக்கு 'ஃபுல்கேன்வாஸ்' என்று தனியாக ஒரு வகுப்பைக் கொடுத்தது. 2002இல் வந்த எம்ஐடிபி 2.0 முழுத்திரையைப் பொதுவாக்கியது. முழுத்திரைக்குப் போனவர்கள் எல்லோரும் மைனஸ் எண்களின் உலகத்துக்குள் வந்தே ஆக வேண்டியிருந்தது.

அங்கே பிறந்தது ஒரு கைவினை. தான் எந்த நிறுவனத்தின் போனில் ஓடுகிறோம் என்பதை நிரலே கண்டுபிடிக்க வேண்டும். நோக்கியாவுக்கு மட்டுமே உரிய ஒரு வகுப்பின் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்ப்பார்கள். இருந்தால் நோக்கியா, இல்லையென்று பிழை வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சீமென்ஸின் வகுப்பை அழைப்பார்கள், அதுவும் இல்லையென்றால் அடுத்தது. இன்னொரு வழி, பட்டனின் பெயரைச் சொல்லும் 'கெட்கீநேம்' மெத்தடிடம் மைனஸ் எண்களை ஒவ்வொன்றாக நீட்டி, பதிலில் 'சாஃப்ட்' என்ற சொல் எதில் வருகிறது என்று தேடுவது. பிழையையே தகவலாக மாற்றிக்கொண்ட அந்த முதல் வழி எனக்கு இன்றைக்கும் வியப்பளிக்கிறது. இவற்றையெல்லாம் சுருக்கமாகவும் எழுத வேண்டும். நோக்கியாவின் தொடக்கக் காலச் சீரிஸ் 40 போன்களில் முழு நிரலும், படங்களும், ஒலியும் சேர்த்து 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் எண்களையும் ஒரே கோப்பில் சுமக்க இடமிருக்காது. எனவே ஒரு விளையாட்டைப் பல ஜார் கோப்புகளாக, போனுக்கு ஒன்றாக, வெட்டித் தைத்துக் கொடுப்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த 'ஜே2எம்இ பாலிஷ்' போன்ற கருவிகள் இந்த வெட்டலைத் தானாகச் செய்துகொடுத்தன. ஒவ்வொரு போனின் சாஃப்ட் கீ எண்ணும் அவற்றின் பட்டியலில் இருக்கும்.

இந்த வேலைக்குப் போர்ட்டிங் என்று பெயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட விளையாட்டுகள் இந்திய நகரங்களுக்கு வந்து நூற்றுக்கணக்கான போன்களுக்கு ஏற்ப மாற்றப்பட்டுப் போயின. மேசை நிறையப் போன்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சார்ஜர், முதுகில் எண் எழுதிய ஸ்டிக்கர். செய்தவர்களின் பெயர் எந்த விளையாட்டின் முகப்பிலும் வந்ததில்லை. அந்த மேசைகளில்தான் இந்தக் கட்டுரையின் நாயகன் முழுமையாக அறியப்பட்டான். வரையறையைப் படித்தவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் பட்டனை அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தன.

எடுத்துக்காட்டாக, ஓடுவது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் கீரிபீட்டட் திரும்பத் திரும்ப வரும் என்பது ஏட்டுக்கணக்கு. எல்லாப் போனும் அதை அனுப்பாது. அனுப்புமா என்று கேட்பதற்கே தனி மெத்தட் உண்டு. அனுப்பும் போன்களிலும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு தாளம். ஆகவே அனுபவசாலிகள் கீரிபீட்டடை நம்பவே மாட்டார்கள். அமுங்கியதும் ஒரு கொடியை உயர்த்தி, விடுபட்டதும் இறக்கி, கொடி உயர்ந்திருக்கும் வரை பாத்திரத்தை ஓடவிடுவார்கள். கச்சிதமான தீர்வுதான். ஆனால் வலப்பக்கப் பட்டனை அழுத்தியபடி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அழைப்பு வந்தால்? போன் திரையைப் பிடுங்கிக்கொள்ளும். விரல் விடுபடும். விடுபட்ட செய்தி நிரலுக்கு வராது. பேசி முடித்துத் திரும்பினால் யாருமே அழுத்தாமல் பாத்திரம் தானாக ஓடிப் பள்ளத்தில் விழும். திரை மறையும்போது கூப்பிடப்படும் 'ஹைட்நோட்டிஃபை' என்ற மெத்தடில் எல்லாக் கொடிகளையும் இறக்கிவிட வேண்டும் என்பது புத்தகத்தில் முன்வரிசைப் பாடமாக இருந்ததில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அதைத் தானாகக் கண்டுபிடித்துப் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். எம்ஐடிபி 2.0 'கேம்கேன்வாஸ்' என்ற வகுப்பைத் தந்து, எந்தெந்தப் பட்டன்கள் இப்போது அமுங்கியிருக்கின்றன என்று நிரலே கேட்டுக்கொள்ளும் வழியைக் கொடுத்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்துவது இன்னொன்று. முன்னே ஓடிக்கொண்டே தாவ வேண்டும். மேசைக் கணினியில் இது இயல்பு. பல செல்பேசிகளில் இரண்டாவது பட்டன் அமுங்கியது நிரலுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தக் கால விளையாட்டுகளில் 1ஐ அழுத்தினால் இடப்பக்கமாகவும், 3ஐ அழுத்தினால் வலப்பக்கமாகவும் தாவல் வந்தது. ஒரே விரலில் இரண்டு செயல். கட்டத்தின் மூலையில் சும்மா கிடந்த பட்டனுக்கு இப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாறு சொல்லப்போவதில்லை. கோடிக்கணக்கான கட்டைவிரல்கள் அதைப் பழகிக்கொண்டன. இன்னொரு சட்டமும் எல்லோருக்கும் பாடமாக இருந்தது. பட்டனை வாங்குவதும் திரையை வரைவதும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். கீபிரெஸ்டுக்குள் கனமான வேலையை வைத்தால் போன் உறைந்து நிற்கும். எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

விளையாட்டைப் பற்றியே பேசுவதால் அதற்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். நோக்கியா 6110இல் 1997இல் தனேலி அர்மான்டோ எழுதிச் சேர்த்த பாம்பு விளையாட்டு, எண் பட்டன் என்பது எண்ணுக்கு மட்டுமல்ல என்று உலகத்துக்குக் காட்டியது உண்மை. அது ஜாவாவுக்கு முந்தைய கதை. ஜாவா வந்த பிறகு கதவு வெளியாருக்குத் திறந்தது. 2006இல் உலகெங்கும் வெளியான ஓபரா மினி உலாவி, மலிவான போன்களுக்குள் முழு இணையப் பக்கத்தைக் கொண்டுவந்தது; ஹேஷோடு இன்னொரு பட்டனைச் சேர்த்துக் குறுக்குவழிகள் வைத்திருந்தது. தமிழுக்கு நேரடியாக நடந்த நன்மை ஒன்று உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற நிரல் 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. தமிழே தெரியாத போனில் தமிழில் குறுஞ்செய்தி எழுதிப் படிக்க முடிந்தது. போனைச் செய்த நிறுவனம் தமிழைச் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பட்டன்கள் அனுப்பும் எண்களை வெளியார் எழுதிய நிரல் வாங்கி அவற்றுக்குத் தமிழெழுத்துகளைப் பொருளாகக் கொடுக்கலாம். கீபிரெஸ்டின் உண்மையான பெருமை இதுதான் என்பேன். பட்டனின் மேல் அச்சடித்திருப்பது எதுவாக இருந்தாலும், அதன் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை எழுதுபவருக்கு இருந்தது.

பயன்படுத்தியவர்களுக்கும் அது ஒன்றைக் கொடுத்தது. ஐந்தாம் பட்டனின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரல் அதைத் தடவினால் மற்ற பதினொன்றும் எங்கே என்று தெரிந்துவிடும். பேருந்தில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கை சட்டைப்பைக்குள் இருந்த போனில் பாட்டை மாற்றும். வகுப்பில் மேசைக்கடியில் பார்க்காமலே செய்தி எழுதிய ஒரு தலைமுறையே நம்மிடம் இருக்கிறது. பார்வையற்றவர்கள் சிம்பியன் இயங்குதளப் போன்களில் திரைவாசிப்பானை ஏற்றி, பட்டன்களை விரலாலும் திரையைக் காதாலும் படித்தார்கள். திசைப் பட்டன்களால் மட்டுமே போகக்கூடிய நிரலில் திரையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தே தீர வேண்டும். இதற்கு அடுத்தது எது என்பதை எழுதுபவர் யோசிக்காமல் தப்பிக்க முடியாது. அந்த வரிசை பார்க்க முடியாதவருக்கும், கை நடுங்குபவருக்கும் தானாகவே உதவியது.

சாவு வெளியிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கேன்வாஸ் வகுப்பைத் திறந்து பார்த்தால் கீபிரெஸ்டுக்குப் பக்கத்திலேயே 'பாயின்டர்பிரெஸ்ட்' என்ற இன்னொரு மெத்தட் 2000ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. திரையில் எந்தப் புள்ளி தொடப்பட்டது என்று சொல்லும் மெத்தட். பெரும்பாலான போன்களில் அதற்கு வேலையே இல்லை. 2007இல் ஐபோன் வந்தது. அதில் ஜாவாவும் இல்லை, எண் பட்டனும் இல்லை. அடுத்த ஆண்டு நோக்கியா தன் 5800 போனைத் தொடுதிரையோடு கொண்டுவந்தபோது பழைய ஜாவா விளையாட்டுகளைக் கைவிட மனமில்லாமல், திரையின் ஒரு பகுதியில் பட்டன்களைப் படமாக வரைந்து கொடுத்தது. படத்தைத் தொட்டால் பழைய எண் போகும். நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சீமென்ஸ் தன் செல்பேசிப் பிரிவை 2005இலேயே பென்கியூவிடம் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டே அதன் ஜெர்மன் கிளை திவாலானது. சன் 2010இல் ஆரக்கிளுக்குள் போனது. சோனி எரிக்சனிலிருந்து எரிக்சன் 2012இல் விலகியது. மோட்டோரோலாவின் செல்பேசிப் பிரிவு கூகுளுக்கும் அங்கிருந்து லெனோவாவுக்கும் கைமாறியது. நோக்கியாவின் செல்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியது. அந்த விற்பனையில் சேராமல் வரி வழக்கில் சிக்கி நின்ற ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. 2006இல் தொடங்கிய ஆலை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்தில் வந்துபோன ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலையிழந்தார்கள். உலகத்தின் கட்டைவிரல்கள் அழுத்திய பட்டன்களில் பல அவர்கள் கைகளைக் கடந்து போனவை. இந்த மரணத்தில் உண்மையிலேயே சோற்றை இழந்தவர்கள் அவர்கள்தாம். நிரல் எழுதியவர்கள் வேறு மொழிக்கு மாறிக்கொண்டோம். ஆலை நின்ற இடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கும் செய்தி 2019இல் வந்தது. அங்கே இப்போது சார்ஜர்கள் செய்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் அது முழுதாகச் சாகவில்லை என்று சிலர் சொல்லலாம். அதிலும் சாஃப்ட் கீகளுக்கு 1, 2 என்று எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. திசைகளுக்கு 19 முதல் 22, நடுப்பட்டனுக்கு 23. இந்த முறை எல்லா நிறுவனத்துக்கும் ஒரே எண். நாங்கள் ஏங்கிய ஒழுங்கு கடைசியில் வந்துசேர்ந்தபோது, அழுத்துவதற்குப் பட்டன் இல்லை. தொலைக்காட்சி ரிமோட்டில் அந்த 19ம் 20ம் இன்றும் வேலை செய்கின்றன. போனில் மிஞ்சியது திரும்பிச் செல்லும் பட்டனும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்களும். ஐபோனில் ஒலிப் பட்டன்களைக்கூட அன்று வெளியாருக்குக் கொடுக்க ஆப்பிள் விரும்பவில்லை. ஒலிப் பட்டனால் படமெடுக்க வழிசெய்ததற்காக கேமரா பிளஸ் என்ற செயலி 2010இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்தே நீக்கப்பட்டது.

கண்ணாடியில் வரையப்பட்ட விசைப்பலகையைப் பட்டன் என்று நான் ஏற்க மாட்டேன். ஆண்ட்ராய்டு ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது: திரை விசைப்பலகையில் தொடுவது கீ நிகழ்வாக வந்துசேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அது ஒரு சொல்லை ஊகித்து மொத்தமாகக் கொடுக்கலாம், திருத்தலாம், விரலை இழுத்ததிலிருந்து வார்த்தையை உருவாக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் குரோம் உலாவியில் ஓடும் ஒரு பக்கம் 'எந்த விசை?' என்று கேட்டால், அ தொட்டாலும் க தொட்டாலும் பெரும்பாலும் ஒரே எண்தான் பதிலாக வரும்: 229. ஏதோ ஒன்று நடக்கிறது, முடிந்ததும் சொல்கிறேன் என்பது அதற்குப் பொருள். சீமென்ஸும் மோட்டோரோலாவும் நோக்கியாவும் ஒன்றோடொன்று முரண்பட்ட காலத்தில்கூட ஒவ்வொரு பட்டனுக்கும் தனக்கென்று ஓர் எண் இருந்தது.

இந்தியாவில் 2017இல் ஒரு மறுபிறப்பு வந்தது. ஜியோபோன். கைஓஎஸ் இயங்குதளம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அதில் பட்டன்களுக்கு எண்ணுக்குப் பதில் 'சாஃப்ட்லெஃப்ட்', 'சாஃப்ட்ரைட்', 'ஆரோஅப்' என்று பெயர்களே வந்தன. பழைய போர்ட்டிங் ஆட்கள் சிலர் அதைப் பார்த்து உள்ளம் மகிழ்ந்தார்கள். அந்த அலை சில ஆண்டுகளில் அடங்கியது. இன்றும் கடையில் பட்டன் போன் கிடைக்கிறது. பெரியவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் வெளியார் எழுதிய நிரலை ஏற்ற வழி இல்லை. பட்டன் இருக்கிறது, அது எண்ணையும் அனுப்புகிறது, அந்த எண்ணுக்குப் புதுப் பொருள் கொடுக்க வருகிறவருக்கு வாசல் இல்லை.

தொடுதிரையைக் குறை சொல்லி இதை முடிக்க மாட்டேன். 2009இல் ஐபோனுக்கு வந்த வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான், பட்டனே இல்லாத கண்ணாடியைப் பார்வையற்றவர்கள் கையாள வழிசெய்தது. அது பெரிய சாதனை. தமிழெழுத்து முழுவதையும் திரையிலேயே விரித்து வைக்க முடிவதும் பட்டனால் ஆகாத காரியம். ஆனாலும் வங்கிக்குத் தொலைபேசினால் 'தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்' என்ற குரல் வரும்போது, காதிலிருந்து போனை எடுத்து, இருண்ட திரை ஒளிர்வதற்குக் காத்திருந்து, எண் பலகையைத் தேடித் திறந்து, அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விட, மீண்டும் முதலிலிருந்து கேட்கும் பெரியவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் விரலுக்கு இரண்டு எங்கே இருக்கிறதென்று ஒரு காலத்தில் பார்க்காமலே தெரிந்திருந்தது. நாம் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எடுக்கும்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டில் மிஞ்சியிருந்த திரும்பிச் செல்லும் பட்டனுக்கும் முடிவு எழுதியாகிவிட்டது. 2022இல் ஆண்ட்ராய்டு 13, அந்தப் பட்டனை நிரலே நேரடியாகப் பிடிக்கும் வழியைக் கைவிடச் சொன்னது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்து எழுதும் செயலிகளுக்கு அந்த நிகழ்வு இயல்பில் வருவதே இல்லை.

பழைய ஜாவா விளையாட்டுகளை இன்றைய கருவிகளில் ஓட்டும் எமுலேட்டர்களைத் தன்னார்வலர்கள் எழுதிவருகிறார்கள். ஃப்ரீஜே2எம்இ போன்றவற்றின் அமைப்புக்குள் போனால் நோக்கியா, சீமென்ஸ், மோட்டோரோலா என்று இன்றும் தேர்ந்தெடுக்கச் சொல்லும், மைனஸ் எண்களுக்காக. அவர்களுக்கு விளையாட்டுகள் கிடைத்துவிடுகின்றன. போன்கள் எப்படி நடந்துகொண்டன என்ற குறிப்புகள் கிடைப்பது அரிதாகிவருகிறது. போர்ட்டிங் வேலை பார்த்த நண்பர்களே, உங்கள் பழைய வன்தட்டில் எங்காவது அந்த அட்டவணை இருக்கும். எந்த மாடலில் அழிக்கும் பட்டன் என்ன எண் அனுப்பியது, எதில் இரண்டு பட்டன்கள் சேர்ந்து வேலை செய்தன, அழைப்பு வந்து போன பிறகு எதில் கீரிலீஸ்ட் வராமல் போனது என்றெல்லாம் எழுதி வைத்திருப்பீர்கள். எக்செல் கோப்பாக இருந்தாலும் சரி, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமாக இருந்தாலும் சரி, அதைத் தேடி எடுத்துப் பொதுவில் வையுங்கள். மேசை இழுப்பறையில் பழைய போன் கிடந்தால் வீசிவிடாதீர்கள். உப்பிய பேட்டரியை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.